நம்ம வண்டிக்கு எத்தனை வோல்ட்? இன்வெர்ட்டர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



சென்ற சில மாதங்களாக நமது கூட்டமைப்பில் உள்ள குழுக்கள் பல, வண்டி வைத்துத் தொழில் செய்ய ஆரம்பித்திருக்கின்றன. சிலர் லோடு ஆட்டோவில் காய்கறி கொண்டு போகிறார்கள். சிலர் சந்தையில் வண்டியை நிறுத்திக் கூழ், சுண்டல், சிறுதானிய அடை விற்கிறார்கள். ஒரு குழு பேட்டரி ஆட்டோ வாங்கியிருக்கிறது. மாலையில் வியாபாரம் என்றால் லைட் வேண்டும். எலெக்ட்ரானிக் தராசு வேண்டும். பணம் வாங்கும் போனுக்கு சார்ஜ் வேண்டும். அதனால் வண்டி பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்க இன்வெர்ட்டர் மாட்டலாமா என்று கூட்டத்துக்குக் கூட்டம் எங்களிடம் கேட்கிறீர்கள்.

மாட்டலாம். ஆனால் எந்த இன்வெர்ட்டரை எந்த வண்டிக்கு மாட்டுவது என்பது தெரியாமல் மாட்டினால், பணமும் போகும், ஆபத்தும் வரும். அதுமட்டும் அல்ல, குழுவுக்குள் சண்டையும் வரும். எங்கள் கண் முன்னால் அப்படி ஒன்று நடந்தது. அதனால்தான் இந்த இதழின் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

நடந்தது என்ன?

நமது குழுக்களில் ஒன்று, கூட்டமைப்பில் கடன் வாங்கி, பழைய சிறிய லாரி ஒன்றை வாங்கியது. வாரச் சந்தையில் உணவு விற்பதற்காக. பக்கத்து ஊர்க் குழு ஏற்கனவே லோடு வண்டியில் இன்வெர்ட்டர் மாட்டி நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "அதே மாதிரி ஒன்று வாங்கிவிடலாம்" என்று கூட்டத்தில் பேசினார்கள். மினிட் நோட்டில் "வண்டிக்கு இன்வெர்ட்டர் ஒன்று வாங்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினார்கள். 12 பேரும் கையெழுத்துப் போட்டார்கள். குழுவின் பிரதிநிதி அக்கா டவுனுக்குப் போய், பக்கத்து ஊர்க் குழு வாங்கிய அதே இன்வெர்ட்டரை ரூ.6,400 கொடுத்து வாங்கி வந்தார்.

அன்று சந்தையில் மாட்டி சுவிட்சைப் போட்டார்கள். 'டப்' என்று ஒரு சத்தம். வயர் கருகுகிற வாடை. புகை வந்தது. டிரைவர் ஓடி வந்து வயரைப் பிடுங்கிவிட்டார். நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எங்களுக்கு வயிறு கலங்குகிறது.

கடைக்குக் கொண்டு போனார்கள். "இது 12 வோல்ட் இன்வெர்ட்டர். நீங்க 24 வோல்ட் வண்டியில மாட்டியிருக்கீங்க. இதுக்கு வாரண்டி கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் பெரிய சத்தம். "வாங்கினவங்கதான் பொறுப்பு, அவங்களே பணத்தைக் கட்டட்டும்" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். பிரதிநிதி அக்கா வாயே திறக்கவில்லை. அதற்கடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அவர் வரவும் இல்லை. அந்த மாதத் தவணையும் தள்ளிப்போனது.

எங்களைக் கூப்பிட்டார்கள். மினிட் நோட்டைத் திறந்து பார்த்தோம். தீர்மானத்தில் "இன்வெர்ட்டர் ஒன்று" என்றுதான் இருந்தது. எத்தனை வோல்ட், எத்தனை வாட் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தீர்மானத்தைப் பார்த்து "சரி" என்று சொல்லிக் கடன் மனுவை அனுப்பியது யார்? நாங்கள்தான். அதைக் கூட்டத்திலேயே சொன்னோம். கேட்கத் தெரியாதது அந்த அக்காவின் குற்றம் மட்டும் அல்ல. 12 பேரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தெரிந்திருந்தால்தானே கேட்பதற்கு? அதனால் இப்போது எல்லோரும் தெரிந்துகொள்வோம்.

வோல்ட், ஆம்பியர், வாட்: தண்ணீர்த் தொட்டிக் கணக்கு

நம்ம ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உயரமாக இருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். தாழ்வாக இருந்தால் சொட்டுச் சொட்டாக வரும். அந்த உயரம் தருகிற அழுத்தம் மாதிரிதான் வோல்ட்.

குழாய் வழியாக ஒரு நேரத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது மாதிரி ஆம்பியர்.

இரண்டும் சேர்ந்து எவ்வளவு வேலை நடக்கிறது என்பது வாட். கணக்கு சுலபம்:

வோல்ட் × ஆம்பியர் = வாட்

12 வோல்ட் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் எடுத்தால் 120 வாட். 24 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே 10 ஆம்பியர் எடுத்தால் 240 வாட்.

நம் வீட்டுக்கு வருகிற கரண்ட் 230 வோல்ட், ஏசி. வண்டி பேட்டரியில் இருப்பது 12 அல்லது 24 வோல்ட், டிசி. இந்தக் குறைந்த வோல்ட் டிசி கரண்டை வாங்கி, வீட்டுக் கரண்ட் மாதிரி 230 வோல்ட் ஏசி கரண்டாக மாற்றித் தருகிற பெட்டிதான் இன்வெர்ட்டர். 2012-இல் பல மணி நேர மின்வெட்டு இருந்த காலத்தில் டவுன் வீடுகளிலும் கடைகளிலும் நிறைய மாட்டினார்களே, அதே வேலைதான்.

அந்தப் பெட்டிக்கு உள்ளே வருகிற வோல்ட் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கம்பெனியில் செய்யும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். 12 என்றால் 12தான். 24 என்றால் 24தான். இரண்டு சைஸையும் தானே கண்டுபிடித்து வேலை செய்கிற மாடல் எங்காவது இருந்தாலும், பெட்டியிலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும். எழுதாததை நம்பக் கூடாது.

எந்த வண்டிக்கு எத்தனை வோல்ட்?

பொதுவாக இப்படி இருக்கும்:

- இரு சக்கர வண்டி, கார், ஜீப், டீசல் ஆட்டோ, சின்ன லோடு வண்டி: 12 வோல்ட்
- டிராக்டர்: பெரும்பாலும் 12 வோல்ட்
- பஸ், பெரிய லாரி: 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்து மாட்டியிருப்பார்கள்
- பேட்டரி ஆட்டோ: பல வண்டிகளில் 48 வோல்ட். நான்கு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இருக்கும். இதைவிடக் கூடுதல் வோல்ட் உள்ள வண்டிகளும் உண்டு

நடுத்தர சைஸ் லாரி, வேன்களில்தான் குழப்பம். சிலது 12, சிலது 24. வெளியே பார்த்து எதையும் சொல்ல முடியாது. நம்ம குழு ஏமாந்ததும் இங்கேதான். "சின்ன லாரிதானே, லோடு வண்டி மாதிரிதான் இருக்கும்" என்று நினைத்துவிட்டார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

முதல் வழி: வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். பழைய வண்டி என்றால் கையேடு இருக்காது. அப்போது ஹெட்லைட் பல்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பின் அடியில் 12 அல்லது 24 என்ற எண்ணும், பக்கத்தில் ஆங்கில 'வி' எழுத்தும் அச்சடித்திருக்கும்.

இரண்டாவது வழி: பேட்டரிகளை எண்ணுங்கள். ஆனால் எண்ணினால் மட்டும் போதாது. எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஒரு பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து இன்னொரு பேட்டரியின் மைனஸ் முனைக்கு வயர் போனால், அது வரிசை இணைப்பு. வோல்ட் கூடும். 12-ம் 12-ம் சேர்ந்து 24.

பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்திருந்தால், அது பக்க இணைப்பு. இரண்டு பேட்டரி இருந்தாலும் 12 வோல்ட்தான். தாக்குப்பிடிக்கிற நேரம்தான் கூடும்.

இரண்டு குடத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் உயரம் கூடுகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உயரம் கூடுவதில்லை. அது மாதிரி.

மூன்றாவது வழி, நிச்சயமான வழி: மல்டிமீட்டரால் அளப்பது. எலெக்ட்ரீஷியன் எல்லோரிடமும் இருக்கும். டிசி வோல்ட்டில் வைத்து, வண்டிக்குப் போகும் கடைசி பிளஸ் முனையிலும் கடைசி மைனஸ் முனையிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் நிற்கும்போது 12-லிருந்து 13-க்குள் காட்டினால் 12 வோல்ட் வண்டி. 24-லிருந்து 26-க்குள் காட்டினால் 24 வோல்ட் வண்டி. இன்ஜின் ஓடும்போது 12 வோல்ட் வண்டியில் 14 பக்கமும், 24 வோல்ட் வண்டியில் 28 பக்கமும் காட்டும். டைனமோ சார்ஜ் ஏற்றுவதால் அப்படி ஏறுகிறது, பயப்பட வேண்டாம்.

அளக்கும்போது குழுவிலிருந்து இரண்டு பேராவது பக்கத்தில் நின்று பாருங்கள். காட்டிய எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். "டிரைவர் சொன்னார்" என்பது கணக்கில் சேராது.

பொருந்தாமல் மாட்டினால் என்ன ஆகும்?

12 வோல்ட் இன்வெர்ட்டரை 24 வோல்ட் வண்டியில் மாட்டினால், தாங்க வேண்டிய அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு உள்ளே போகும். நல்ல இன்வெர்ட்டராக இருந்தால் அலாரம் அடித்து நின்றுவிடலாம். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற பாகங்கள் வெடித்துக் கருகும். நம்ம குழுவுக்கு நடந்தது இதுதான்.

24 வோல்ட் இன்வெர்ட்டரை 12 வோல்ட் வண்டியில் மாட்டினால், பெரும்பாலும் கருகாது. ஆனால் வேலை செய்யாது. 'கீ, கீ' என்று அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். "இன்வெர்ட்டர் ரிப்பேர்" என்று நினைத்துக் கடைக்கும் வீட்டுக்கும் அலைவோம்.

"ஒரு பேட்டரியில மட்டும் இழுத்துக்கலாம்" என்றால்?

கருகிய பிறகு, அந்த வண்டி டிரைவர் ஒரு யோசனை சொன்னார். "ரெண்டு பேட்டரி இருக்குல்லக்கா. ஒண்ணுல மட்டும் வயரைக் குடுத்தா 12 வோல்ட் வந்துடும். 12 வோல்ட் இன்வெர்ட்டரே திரும்ப வாங்கிக்கலாம், விலையும் கம்மி." ஊக்குநர் அக்காவுக்கும் அது சரியாகப் பட்டது. மாட்டினால் லைட் எரியவும் செய்யும். அதுதான் ஆபத்து.

நாங்கள் ஒரு வண்டி எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தோம். அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்: "ரெண்டு மாட்டுல ஒண்ணை மட்டும் நாள் முழுக்க ஏர்ல பூட்டி, சாயங்காலம் ரெண்டுக்கும் ஒரே அளவு தீனி போட்டா என்னாகும்மா? ஒண்ணு இளைச்சுப் போகும், இன்னொண்ணு தின்னது செரிக்காமக் கெட்டுப்போகும்."

விஷயம் இதுதான். இன்வெர்ட்டர் ஒரு பேட்டரியை மட்டும் காலியாக்கும். ஆனால் டைனமோ இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் சார்ஜ் ஏற்றும். காலியான பேட்டரி நிறையாமலேயே இருக்கும். நிறைந்த பேட்டரிக்கு அளவுக்கு மேல் சார்ஜ் ஏறி, சூடாகித் தண்ணீர் வற்றும். சில மாதங்களில் இரண்டும் போய்விடும். இன்வெர்ட்டரில் மிச்சம் பிடித்த பணத்தைவிடப் பெரிய செலவு பேட்டரியில் வந்து நிற்கும்.

பேட்டரி ஆட்டோவில் நான்கில் ஒன்றில் மட்டும் இழுப்பதும் இதே தப்புதான்.

சரியான வழி இரண்டு. ஒன்று, வண்டியின் முழு வோல்ட்டுக்குப் பொருந்தும் இன்வெர்ட்டரையே வாங்குவது. இரண்டு, 12 வோல்ட்டில் ஓடும் சின்னப் பொருள் மட்டும்தான் தேவை என்றால், 24-ஐ 12 ஆகக் குறைத்துத் தருகிற டிசி கன்வெர்ட்டர் மாட்டுவது. 48-ஐ 12 ஆகக் குறைப்பதும் கிடைக்கிறது. போன் சார்ஜ், 12 வோல்ட் எல்இடி விளக்கு போன்றவற்றுக்கு இதுவே போதும், இன்வெர்ட்டரே வேண்டாம்.

எத்தனை வாட் வேண்டும்?

வோல்ட் பொருந்திய பிறகுதான் வாட் கணக்கு. எந்தெந்தப் பொருளை ஒரே நேரத்தில் ஓட்டப் போகிறோம் என்று பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் வாட் எழுதியிருக்கும். நம்ம குழுவின் பட்டியல் இது:

- 9 வாட் எல்இடி பல்பு 4 = 36 வாட்
- சின்ன மின்விசிறி 1 = 50 வாட்
- தராசு 1 = 10 வாட்
- போன் சார்ஜர் 2 = 20 வாட்
- மொத்தம் = 116 வாட்

இதோடு 500 வாட் மிக்ஸியும் எழுதியிருந்தார்கள். அதைச் சேர்த்தால் 616 வாட். மோட்டார் உள்ள எந்தப் பொருளும் சுற்ற ஆரம்பிக்கும் அந்த ஒரு நொடியில் சொன்ன வாட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதனால் மிக்ஸிக்காகவே 1000 வாட்டுக்கு மேல் இன்வெர்ட்டர் தேவைப்பட்டது. "மிக்ஸி எத்தனை நிமிஷம் ஓடும்?" என்று கேட்டோம். "சட்னிக்கு மட்டும்தான், மொத்தம் பத்து நிமிஷம்" என்றார்கள். "அதை வீட்டிலேயே அரைத்துக்கொண்டு வந்தால்?" என்று ஒரு வயதான உறுப்பினர் கேட்டார். அவ்வளவுதான், பாதிச் செலவு குறைந்தது. 500 வாட் இன்வெர்ட்டரே தாராளமாகப் போதும் என்று ஆனது.

இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் இவற்றை வண்டி பேட்டரியில் ஓட்ட நினைக்காதீர்கள். 1000, 2000 வாட் என்று இழுக்கும். வண்டி பேட்டரி தாங்காது.

மோட்டார் உள்ள பொருளை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், 'சைன் வேவ்' இன்வெர்ட்டர் கேளுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் மலிவான 'ஸ்கொயர் வேவ்' இன்வெர்ட்டரில் மோட்டார் ரீங்காரம் போட்டுச் சூடாகும், சீக்கிரம் கெடும்.

வயரும் ஃபியூஸும்

இங்கேதான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். 230 வோல்ட்டில் 500 வாட் பொருள் ஓட 2 ஆம்பியருக்குச் சற்று மேல் போதும். அதே 500 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க 42 ஆம்பியர் வேண்டும். இன்வெர்ட்டருக்குள் கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால் 49 ஆம்பியர் வரை போகும். 24 வோல்ட் என்றால் அதில் பாதி, சுமார் 25 ஆம்பியர்.

வீட்டுக்குப் போடுகிற மெல்லிய வயரில் இவ்வளவு ஆம்பியர் ஓடினால் வயரே அடுப்புக் கம்பி மாதிரி பழுத்துவிடும். அதனால்:

- இன்வெர்ட்டரோடு வந்த வயர், அல்லது அதன் கையேட்டில் சொன்ன தடிமன் உள்ள வயரை மட்டும் போடுங்கள்
- பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது
- பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று கையேட்டில் இருக்கும். ஃபியூஸ் போனால் கம்பி சுற்றி ஓட்டக் கூடாது. எதனால் போனது என்று பார்க்க வேண்டும்
- டேஷ்போர்டில் இருக்கிற சார்ஜர் ஓட்டையில் பெரிய இன்வெர்ட்டரைச் செருகக் கூடாது. அதன் ஃபியூஸ் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர்தான். 12 வோல்ட் வண்டியில் அதில் 120 வாட்டுக்கு மேல் எடுக்க வேண்டாம்

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

பேட்டரி மேல் 'ஏஹெச்' என்று ஒரு எண் இருக்கும். அது ஆம்பியர் மணி. வோல்ட்டால் பெருக்கினால் வாட் மணி கிடைக்கும்.

நம்ம குழு வண்டியில் 80 ஆம்பியர் மணி உள்ள இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக உள்ளன. வரிசை இணைப்பில் வோல்ட் மட்டும்தான் கூடும், ஆம்பியர் மணி கூடாது. அதனால் 24 × 80 = 1920 வாட் மணி.

முழுவதையும் எடுத்துவிட முடியாது. வண்டி பேட்டரி, இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஒரே மூச்சில் கரண்ட் கொடுப்பதற்காகச் செய்தது. அடிமட்டம் வரை காலி செய்தால் சீக்கிரம் செத்துப்போகும். வீடு திரும்ப வண்டியும் ஸ்டார்ட் ஆகாது. இரவு ஒன்பது மணிக்குச் சந்தைத் திடலில் பெண்கள் நாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். 1920-இல் கால் பங்கு 480 வாட் மணி.

நமக்குத் தேவை 116 வாட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து 136 வாட் என்று வையுங்கள். 480-ஐ 136-ஆல் வகுத்தால் சுமார் மூன்றரை மணி நேரம். மாலைச் சந்தைக்குப் போதும்.

தினமும் ஐந்தாறு மணி நேரம் தேவைப்படுகிற குழு, தொழிலுக்கென்று தனியாக டியூபுலர் பேட்டரி வைத்து, வீட்டில் சார்ஜ் போட்டு எடுத்து வருவது நல்லது. அப்போது இன்வெர்ட்டர் அந்தத் தனிப் பேட்டரியின் வோல்ட்டுக்குப் பொருந்த வேண்டும். வண்டி 24 ஆக இருந்தாலும், தனிப் பேட்டரி ஒன்றுதான், 12 வோல்ட்தான் என்றால், இன்வெர்ட்டரும் 12தான். எதிலிருந்து கரண்ட் எடுக்கிறோமோ அதன் வோல்ட்தான் கணக்கு. இதை மறக்காதீர்கள்.

பாதுகாப்பு: இதில் சமாதானம் கிடையாது

1. பேட்டரி பக்கத்தில் வேலை செய்யும்போது கை வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். தாலிக் கொடியை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால் பிளஸ்ஸுக்கும் வண்டி பாடிக்கும் நடுவில் வளையல் பட்டால் ஒரு நொடியில் பழுத்துத் தோலைச் சுட்டுவிடும்.
2. மாட்டும்போது இன்வெர்ட்டர் சுவிட்ச் அணைத்திருக்க வேண்டும். சிவப்பு வயர் பிளஸ், கறுப்பு வயர் மைனஸ். முதலில் பிளஸ், பிறகு மைனஸ். கழற்றும்போது முதலில் மைனஸ். மாற்றி மாட்டினால் இன்வெர்ட்டர் போய்விடும்.
3. இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வருவது 230 வோல்ட். வீட்டுக் கரண்ட் மாதிரியே உயிரை எடுக்கும். ஈரக் கையால் தொடாதீர்கள். மழையில் நனைய விடாதீர்கள்.
4. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கிற வாயு வரும். அதனால் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் ஒரே மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். கேஸ் சிலிண்டர், அடுப்பு இரண்டும் தள்ளி இருக்கட்டும்.
5. இன்வெர்ட்டர் மேல் துணி, சாக்கு போட்டு மூடாதீர்கள். காற்று போக வேண்டும்.
6. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விட்டு இன்வெர்ட்டர் போடாதீர்கள். புகையில் மூச்சு முட்டி உயிர் போகும். அந்த விஷ வாயுவுக்கு வாடை கிடையாது.
7. புது வண்டி என்றால், வாங்கிய இடத்தில் கேட்டுவிட்டுத்தான் வயரில் கை வைக்க வேண்டும். வாரண்டி பாதிக்கப்படலாம்.

தீர்மானம் எழுதுவது எப்படி?

"இன்வெர்ட்டர் ஒன்று வாங்க" என்று இனி எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்:

"நமது வண்டியின் பேட்டரியை உறுப்பினர்கள் இருவர் முன்னிலையில் மீட்டரால் அளந்ததில் 24 வோல்ட் என்று தெரிந்தது. நாம் ஓட்டும் பொருட்களின் மொத்தம் 116 வாட். எனவே உள்ளீடு 24 வோல்ட் டிசி, வெளியீடு 230 வோல்ட் ஏசி, 500 வாட் உள்ள இன்வெர்ட்டர், அதற்குரிய வயர், ஃபியூஸுடன் வாங்கத் தீர்மானிக்கப்பட்டது. வாங்க இரண்டு உறுப்பினர்கள் செல்வார்கள். பில்லில் வோல்ட்டும் வாட்டும் எழுதி வாங்க வேண்டும்."

இப்படி எழுதியிருந்தால், கடையில் தப்பாகக் கொடுத்தாலும் பில்லைக் காட்டிக் கேட்கலாம். வாங்கப் போனவர் மேல் யாரும் பழி போடவும் முடியாது.

அந்தக் குழு இப்போது

கருகிய இன்வெர்ட்டருக்கான ரூ.6,400-ஐ ஒருவர் தலையில் கட்டவில்லை. வண்டி வருமானத்திலிருந்து எட்டு மாதங்களில் குழுவே ஈடுகட்டுவது என்று முடிவு செய்தார்கள். மாதம் ரூ.800. எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் ஊக்குநர் அக்கா, "நாளைக்கு பேங்குக்கு நான் போறேன், பத்திரத்துல நான் கையெழுத்துப் போடுறேன். தப்பு நடந்தா என் தலையிலயும் இப்படித்தான் கட்டுவீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை.

பிரதிநிதி அக்காவை வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தார்கள். இரண்டாவது தடவை இன்வெர்ட்டர் வாங்கவும் அவரையே அனுப்பினார்கள், கூட இன்னொருவரையும் சேர்த்து. கடையில் பெட்டியைத் திருப்பி, எண்ணைச் சத்தமாகப் படித்து, நோட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தாராம். அந்த வண்டியில் இப்போது விளக்கு எரிகிறது. சந்தையில் மாலை வியாபாரம் நடக்கிறது.

குழுவில் கலந்து பேசுங்கள்

1. நம் குழு அல்லது நம் வீட்டு வண்டி எத்தனை வோல்ட்? எப்படித் தெரியும்? யார் அளந்தார்கள்?
2. இரண்டு பேட்டரி இருந்தும் ஒரு வண்டி 12 வோல்ட்டாக இருக்க முடியுமா? எப்படி?
3. 12 வோல்ட், 60 ஆம்பியர் மணி பேட்டரி உள்ள லோடு வண்டி. 50 வாட் மட்டும் தேவை, வீணாவதையும் சேர்த்து 60 வாட். கால் பங்கு மட்டும் எடுத்தால் எத்தனை மணி நேரம் வரும்?
4. குழுவுக்காகப் பொருள் வாங்கப் போனவர் தெரியாமல் தவறு செய்தால், நஷ்டத்தை யார் ஏற்பது? உங்கள் குழுவில் இதற்கு விதி எழுதியிருக்கிறீர்களா?

மூன்றாம் கேள்விக்கு விடை: 12 × 60 = 720. கால் பங்கு 180. 180-ஐ 60-ஆல் வகுத்தால் 3 மணி நேரம்.

நான்காம் கேள்விக்கு விடையை நாங்கள் சொல்ல மாட்டோம். அடுத்த கூட்டத்தில் பேசி, உங்கள் மினிட் நோட்டில் எழுதி வையுங்கள். பொருள் வாங்குவதற்கு முன்னாலேயே எழுதி வையுங்கள்.

அடுத்த பாடத்தில் சந்திப்போம்.